ஆன்லைன் கடை திறக்கப் போறீங்களா? முதல் பார்சல் கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். விழுப்புரத்தில் வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் புடவை விற்கும் ஒருவர், 700 ரூபாய் காட்டன் சேலை ஒன்றை புதுச்சேரி வாடிக்கையாளருக்கு கூரியரில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே நாளில் அதே விலையில் இன்னொரு சேலை நாகர்கோவிலுக்குப் போகிறது. 500 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்கும் நாகர்கோவில் பார்சலால் அவருக்கு எந்த வரிச் சிக்கலும் இல்லை. பக்கத்து ஊர் மாதிரி இருக்கும் புதுச்சேரிக்குப் போன பார்சல்தான் அவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்ற வட்டத்துக்குள் தள்ளுகிறது. காரணம், புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். எல்லை தாண்டிய விற்பனைக்கு 40 லட்சம் ரூபாய் விலக்கு வரம்பு பொருந்தாது.

'இன்ஸ்டாவுல 20 ஆயிரம் ஃபாலோயர்ஸ் வந்தாச்சு, சொந்தமா ஒரு வெப்சைட் போட்டுடலாம்' என்று கிளம்பும் பலருக்கும் இது தெரிவதில்லை. டொமைன் பெயர், லோகோ, கலர் தீம் என்று ஒரு மாதம் மண்டையைக் குடைவார்கள். வரி, ரிட்டர்ன், பார்சல் எடை பற்றி யாரும் யோசிப்பதில்லை. கடை திறந்த ஆறாவது மாதத்தில் ஆர்டர் குவியும், கையில் காசு இருக்காது. இந்தக் கட்டுரை அந்த ஆறு மாதத்துக்கு முந்தைய வேலைகளைப் பற்றியது. சேலம் இளம்பிள்ளையிலோ ஈரோட்டிலோ புடவை எடுத்து விற்பவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறோம். நீங்கள் விற்பது சோப்போ, மசாலாவோ, மரப் பொம்மையோ, பெரும்பாலான கணக்கு ஒன்றுதான்.

ஜி.எஸ்.டி. யாருக்கு, எப்போது?

தமிழ்நாட்டில் பொருள்கள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. சேவைகள் என்றால் 20 லட்சம். இதுவரை எல்லோருக்கும் தெரியும். இதன் விதிவிலக்குகளில்தான் ஆன்லைன் வியாபாரிகள் மாட்டுகிறார்கள்.

முதலாவது, மேலே சொன்ன மாநில எல்லை. வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் விற்றுமுதல் எவ்வளவு என்ற கேள்வியே எழாது, பதிவு வேண்டும். கைவினைஞர்கள் செய்யும் சில குறிப்பிட்ட பொருள்களுக்கு மட்டும் சலுகை உண்டு. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்பதை ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. வெப்சைட் திறந்த முதல் வாரமே பெங்களூரிலிருந்து ஆர்டர் வரும். 'உங்களுக்கு அனுப்ப மாட்டோம்' என்று எந்தக் கடைக்காரர் சொல்வார்?

இரண்டாவது, அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்கள் வழியாக விற்பது. முன்பு இவற்றில் ஒரு பொருள் விற்றால்கூட பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் இது தளர்த்தப்பட்டது. 40 லட்சத்துக்குக் கீழே விற்பவர், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால், முழுப் பதிவு இல்லாமல் ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கிக்கொண்டு விற்கலாம். சலுகை நல்லதுதான். ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பது என்ற நிபந்தனையோடு எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

'நான் சின்ன வியாபாரி, என்னை யார் பார்க்கப் போறாங்க?' என்று இன்னும் நினைப்பவர்கள் 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கலாம். யுபிஐ வரவுகளை வைத்து அங்குள்ள வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடை என்று ஒருவரையும் விடவில்லை. பெங்களூரில் பல கடைகளில் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், ஆனால் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று முதல்வர் சித்தராமையா சொன்ன பிறகுதான் கொந்தளிப்பு அடங்கியது. காய்கறிக்கும் பாலுக்கும் வரியே இல்லை என்று அந்த வியாபாரிகளால் வாதாட முடிந்தது. புடவை விற்பவரால் அப்படிச் சொல்ல முடியாது.

பதிவு செய்ய வேண்டியவர் செய்யாமல் விட்டால் 10,000 ரூபாய் அல்லது செலுத்தாத வரி, இதில் எது அதிகமோ அது அபராதம். வட்டி தனி. வாடிக்கையாளரிடம் வரி வாங்காமல் விற்றுவிட்டு, பிறகு அந்த வரியை நம் லாபத்திலிருந்து கட்டும்போதுதான் உண்மையில் வலிக்கும்.

பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. 2025 நவம்பர் முதல், குறைந்த ஆபத்து உள்ள சிறு விண்ணப்பதாரர்களுக்கு மூன்று வேலை நாட்களில் பதிவு தரும் எளிய முறையும் வந்திருக்கிறது. வாடகை வீட்டு முகவரி என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம், மின்கட்டண ரசீது கேட்பார்கள். வீட்டு ஓனரிடம் பேசுவதுதான் சிலருக்கு இதில் கஷ்டமான கட்டமே. அவர் உடனே வாடகையை ஏற்றப் பார்ப்பார். அதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறிவிட்டன. ஆயத்த ஆடையில் ஒன்றின் விலை 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%. அதனால் 2,400 ரூபாய் சுடிதார் செட்டுக்கும் 2,700 ரூபாய் செட்டுக்கும் வாடிக்கையாளர் கையில் விழும் விலை வித்தியாசம் 300 ரூபாயோடு நிற்காது. விலைப்பட்டியல் போடும்போது இந்த எல்லைக்கோட்டைப் பார்த்துப் போடுங்கள்.

யார் தளத்தில் விற்பது?

மூன்று வழிகள் உண்டு. பெரிய சந்தைத் தளத்தில் ஒரு விற்பனையாளராகச் சேர்வது, ஷாப்பிஃபை, ஊகாமர்ஸ், நம்ம ஊர் ஜோஹோ காமர்ஸ் போன்ற மென்பொருளில் சொந்தக் கடை போடுவது, இல்லையென்றால் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமிலேயே தொடர்வது.

சந்தைத் தளங்களுக்கிடையே இப்போது கமிஷன் போட்டி. மீஷோ ஏற்கெனவே கமிஷன் வாங்காமல் விற்பனையாளர்களை இழுத்தது. அமேசான் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் கீழே உள்ள பல பொருள்களுக்குப் பரிந்துரைக் கட்டணத்தை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஃபிளிப்கார்ட் 1,000 ரூபாய்க்குக் கீழ் உள்ள பொருள்களுக்குக் கமிஷன் இல்லை என்று அறிவித்தது. கேட்க இனிக்கும். ஆனால் தளம் பிடிப்பது கமிஷன் மட்டும் இல்லை. எடைக்கு ஏற்ற ஷிப்பிங் கட்டணம், ரிட்டர்ன் வந்தால் அதற்குக் கட்டணம், தேடலில் மேலே வர விளம்பரக் கட்டணம், இவற்றின் மேல் 18% ஜி.எஸ்.டி. என்று பட்டியல் நீளும். தவிர, உங்கள் விற்பனைத் தொகையில் 0.5% ஜி.எஸ்.டி. பிடித்தமும் 0.1% வருமான வரிப் பிடித்தமும் போகும். பிடித்த வரியைக் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதுவரை பணம் நம் கையில் சுழலாது.

இதைவிடப் பெரிய விஷயம் வாடிக்கையாளர் யாருடையவர் என்பது. சந்தைத் தளத்தில் சேலை வாங்கியவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர். அவருடைய போன் நம்பர்கூட பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்காது. தீபாவளிக்குப் புதுச் சரக்கு வந்திருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வழி இல்லை. சொந்தக் கடையில் அவர் உங்களுடையவர். ஆனால் அவரை அங்கே கூட்டிவர ஆகும் விளம்பரச் செலவும் உங்களுடையது.

இடையில் ஓ.என்.டி.சி. இருக்கிறது. மத்திய அரசின் முயற்சியில் 2021 டிசம்பரில் லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவாகி, 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் முன்னோட்டம் விடப்பட்டது. அதில் கோயம்புத்தூரும் ஒன்று. ஒரு செயலியில் சரக்கை ஏற்றினால் பல செயலிகளில் அது தெரியும் என்பது இதன் யோசனை. கூடுதல் வாசலாக வைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் நம்பிக் கடை போடும் நிலை இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

புதிதாகத் தொடங்குபவர் மூன்றையும் ஒரே நாளில் திறக்கக் கூடாது. புடவை மாதிரி ஒரு டிசைனுக்கு ஒன்றிரண்டு பீஸ் மட்டும் இருக்கும் சரக்கில் இது பெரிய தலைவலி. வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் 'புக் பண்ணிடுங்க அக்கா' என்று எழுதிய அதே நிமிடம் வெப்சைட்டில் இன்னொருவர் பணம் கட்டியிருப்பார். ஒருவருக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும், அவர் அடுத்த முறை வர மாட்டார். தினமும் எண்ணிப் பார்க்கும் ஸ்டாக் நோட்டு ஒன்று (எக்ஸெல் போதும்) ஒரே இடத்தில் இருந்தால்தான் இரண்டாவது வாசலைத் திறக்கலாம்.

ஒரு சேலைக்கு எவ்வளவு மிஞ்சும்?

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

சேலையின் விற்பனை விலை, 5% ஜி.எஸ்.டி. உட்பட, 999 ரூபாய். வரியை எடுத்துவிட்டால் உங்களுக்கு வருவது ஏறக்குறைய 951. கொள்முதல் விலை 550 (அதற்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வீர்கள்). கையில் நிற்பது 401. 'பரவாயில்லையே, 40 சதவீதத்துக்கு மேல மார்ஜின்' என்று தோன்றும்.

இப்போது கழிப்போம். கூரியர் 80. கவர், அட்டை, நன்றிச் சீட்டு என்று பேக்கிங் 20. பேமென்ட் கேட்வே கட்டணம் சுமார் 2%, அதாவது 20. இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் ஒரு ஆர்டர் பிடிக்க 150 செலவு. மிச்சம் 131 ரூபாய். பத்து ஆர்டருக்கு 1,310. சம்பளம், வீட்டு வாடகை, போட்டோ எடுத்த செலவு எதையும் இன்னும் கழிக்கவில்லை.

இதுவரை எல்லோரும் முன்பணம் கட்டிவிட்டார்கள் என்ற கணக்கு. இனி அதே பத்து ஆர்டரும் கேஷ் ஆன் டெலிவரி என்று வைப்போம். ஏழு பேர் வாங்கிக்கொள்கிறார்கள். மூன்று பேர் போன் எடுக்கவில்லை, அல்லது 'நான் ஆர்டர் பண்ணலையே' என்கிறார்கள். பார்சல் திரும்பி வருகிறது. கூரியர்காரர்கள் மொழியில் இது ஆர்.டி.ஓ.

வரவு: ஏழு சேலைக்கு 401 வீதம் 2,807. செலவு: பத்துக்கும் விளம்பரம் 1,500. பத்துக்கும் போகும் கூரியர் 800. பேக்கிங் 200. கையில் பணம் வாங்கித் தர டெலிவரிக்கு 40 வீதம் ஏழுக்கு 280. மூன்று திரும்பும் கூரியர் 240. மொத்தம் 3,020. பத்து ஆர்டர் எடுத்து, இரவு உட்கார்ந்து பேக் செய்து, கடைசியில் 213 ரூபாய் நஷ்டம். இரண்டு மட்டும் திரும்பியிருந்தால் 228 ரூபாய் லாபம். அதாவது இந்தக் கடையின் உயிர் இரண்டாவது ரிட்டர்னுக்கும் மூன்றாவது ரிட்டர்னுக்கும் நடுவில் ஊசலாடுகிறது. திரும்பி வந்த சேலை கசங்கி, கவர் கிழிந்து வந்தால் அதை மறுபடி 999-க்கு விற்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ சி.ஓ.டி.யே வேண்டாமா? சிறு ஊர்களில், புதுக்கடையை நம்பாத வாடிக்கையாளரிடம், சி.ஓ.டி. இல்லாமல் ஆர்டர் எடுப்பது கடினம். போலி ஆன்லைன் கடைகளிடம் ஏமாந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கும்போது அவர்களைக் குறை சொல்ல முடியாது. நடைமுறையில் பலரும் செய்வது இதுதான்: சி.ஓ.டி. கேட்பவரிடம் 100 ரூபாய் முன்பணம் வாங்குவது. அந்த 100 ரூபாய் கட்டியவர் பார்சல் வரும் நாளில் போனை எடுப்பார். ஆர்டர் வந்த உடனே ஒரு போன் போட்டு, 'அக்கா, மயில் கழுத்து கலர்தானே? நாளைக்கு அனுப்பட்டுமா?' என்று கேட்பது இன்னொரு வழி. தெருவும் லேண்ட்மார்க்கும் சரியாகக் கிடைக்கும், விளையாட்டு ஆர்டரும் வடிகட்டப்படும். சில பின்கோடுகளிலிருந்து திரும்பத் திரும்ப ரிட்டர்ன் வந்தால் அங்கே மட்டும் முன்பணம் கட்டாயம் என்று மென்பொருளிலேயே வைக்கலாம்.

எடை என்ற பொறி

கூரியர் நிறுவனம் பார்சலின் உண்மை எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடும். கன எடைக்குப் பொதுவான சூத்திரம்: நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்க வேண்டும். 35 x 28 x 8 அளவுள்ள அழகான கிஃப்ட் பெட்டியில் 600 கிராம் சேலையை வைத்தால் கன எடை 1.57 கிலோ. நீங்கள் கட்டுவது அரைக் கிலோ அடுக்குகளில் இரண்டு கிலோவுக்கான காசு. அதே சேலையை மடித்து ஒட்டும் கவரில் போட்டால் ஒரு கிலோ அடுக்குக்குள் அடங்கிவிடும். பெட்டி அச்சடிக்க ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போடாமல், குடோன் நிறையப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

தனியார் கூரியர் போகாத கிராமங்களுக்கு ஸ்பீட் போஸ்ட் போகும். இரண்டையும் கையில் வைத்திருங்கள்.

வெளிநாட்டுத் தமிழர்களைக் குறிவைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 800 டாலர் வரையிலான பார்சல்கள் வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் போகும் சலுகை 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அங்கே வாடிக்கையாளர் கட்ட வேண்டிய சுங்க வரியை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பினால் பார்சல் திரும்பும், கோபம் மட்டும் அங்கேயே நிற்கும்.

'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' செல்லுமா?

இன்ஸ்டாகிராம் கடைகளில் பாதியில் இந்த வரி இருக்கும். கூடவே 'ஓப்பனிங் வீடியோ இல்லையென்றால் புகார் ஏற்கப்படாது'.

2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் வேறு மாதிரி சொல்கின்றன. பொருள் குறைபாடு உள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. சொன்ன தேதிக்குப் பின் தாமதமாக வந்தாலும் அப்படியே (வெள்ளம் போன்ற நம் கையை மீறிய காரணம் இருந்தால் தவிர). 'எனக்குப் பிடிக்கலை' என்று திருப்புவதை ஏற்கலாமா வேண்டாமா என்பது உங்கள் கொள்கை. ஆனால் கிழிந்த சேலையை அனுப்பிவிட்டு 'போர்டைப் பார்க்கலையா?' என்று கேட்க முடியாது. வீடியோ நல்ல ஆதாரம். அதைக் கேட்பதில் தவறில்லை. அது இல்லாவிட்டால் நம் பொறுப்பு போய்விடும் என்று நினைப்பதுதான் தவறு.

இதே விதிகளின்படி கடையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு எண், புகார் அதிகாரியின் பெயர் தளத்தில் இருக்க வேண்டும். ஒற்றை ஆள் கடை என்றால் அந்த அதிகாரி நீங்கள்தான். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் 'கிடைத்தது' என்று பதில், ஒரு மாதத்தில் தீர்வு. வீட்டு முகவரியைப் பொதுவில் போட பல பெண்கள் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம். சிறிய கடை, உறவினர் கடை, பகிர்வு அலுவலகம் என்று வேறு முகவரியை முதலிலேயே யோசித்து, ஜி.எஸ்.டி. பதிவிலும் அதையே கொடுத்துவிட்டால் பிறகு மாற்றும் அலைச்சல் இல்லை.

'இன்னும் 2 நிமிடத்தில் ஆஃபர் முடிகிறது' என்று ஓடும் கடிகாரம் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் மறுபடி 2 நிமிடத்திலிருந்து தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைத் தடை செய்கின்றன. பொய்யான அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவது எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் விலைக்கு வாங்கும் ரெடிமேட் தீமில் இந்தக் கடிகாரம் கூடவே வரும். அணைத்து வைத்துவிடுங்கள்.

புடவைக்காரர்களுக்கு இன்னொன்று. காஞ்சிபுரம் பட்டு, திருபுவனம் பட்டு, செட்டிநாடு கண்டாங்கி, நெகமம் காட்டன் எல்லாம் புவிசார் குறியீடு பெற்றவை. விசைத்தறியில் நெய்த சாஃப்ட் சில்க்கைத் தலைப்பில் 'காஞ்சிபுரம் பட்டு' என்று போட்டால் தேடலில் மேலே வரும் என்பது உண்மைதான். அது சட்டப்படி வில்லங்கம், நெசவாளருக்குச் செய்யும் துரோகமும்கூட. 'காஞ்சிபுரம் ஸ்டைல்' என்று பூசி மெழுகுவதையும் விட்டுவிட்டு நூல் என்ன, ஜரிகை என்ன, தறி என்ன என்று எழுதுங்கள். அசல் பட்டு என்றால் சில்க் மார்க் லேபிளைப் போட்டோவில் காட்டுங்கள்.

பணம் வரும் வழி

பேமென்ட் கேட்வே நிறுவனம் பான், வங்கிக் கணக்கு தவிர உங்கள் வெப்சைட்டையும் பார்க்கும். ரிட்டர்ன் கொள்கை, ஷிப்பிங் கொள்கை, தனியுரிமை, தொடர்பு முகவரி பக்கங்கள் இல்லையென்றால் விண்ணப்பம் அப்படியே நிற்கும். இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஆடித் தள்ளுபடி தொடங்கும் நாளில் விண்ணப்பித்துவிட்டு விழிப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

வாட்ஸ்அப் வழியே யுபிஐயில் வாங்குபவர்கள், பணம் கட்டியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி பார்சல் போடாதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கவே செயலிகள் இருக்கின்றன. வங்கிக் கணக்கில் வரவு வந்ததா என்று பார்த்த பிறகே பேக்கிங்.

குடும்பக் கணக்கில் வியாபாரப் பணத்தை வாங்காமல், கடைக்குத் தனிக் கணக்கு வைப்பதற்கு வரிக் கணக்கு எளிது என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சைபர் மோசடிப் பணம் பல கைகள் மாறி, அதில் ஒரு துளி உங்களிடம் சேலை வாங்கிய காசாக வந்திருந்தாலும், விசாரணையில் உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். ஆர்டர், பில், கூரியர் ரசீது கையில் இருந்தால் விளக்கம் சொல்லி மீட்கலாம். ஆனால் அதற்கு நாளாகும். அந்த நாட்களில் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அதே கணக்கில் மாட்டிக்கொண்டால்? நீங்களே மோசடியில் பணம் இழந்தால் 1930-க்கு உடனே அழையுங்கள்.

வாடிக்கையாளர்களின் பெயர், போன், முகவரி உங்களிடம் குவியும். தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலை நண்பரின் நகைக்கடை விளம்பரத்துக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்துங்கள்.

காகித வேலையில் மிச்சம்

எம்.எஸ்.எம்.இ.க்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம். கூகுளில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கட்டணம் கேட்கும், முகவரி gov.in என்பதற்குச் சமமான அரசு முகவரியில் முடிகிறதா என்று பாருங்கள். கடைப் பெயருக்கு டிரேட்மார்க் எடுக்க, தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். ஆடைக்கு 25-ஆம் வகுப்பு, சில்லறை விற்பனைக்கு 35. விண்ணப்பிக்கும் முன்பு, போர்டும் பெட்டியும் அச்சடிக்கும் முன்பு, அந்தப் பெயரில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஊறுகாய், மசாலா, முறுக்கு விற்பவர்கள் எவ்வளவு சிறிதாகத் தொடங்கினாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்கூட அனுப்பக் கூடாது.

திறப்பதற்கு முந்தைய வாரம்

எல்லாம் தயார் என்று தோன்றும்போது, தெரிந்தவர்கள் ஐந்து பேரிடம் உண்மையான பணம் கட்டி ஆர்டர் போடச் சொல்லுங்கள். ஒருவர் ஐபோன், ஒருவர் பழைய ஆண்ட்ராய்டு, ஒருவர் சி.ஓ.டி., ஒருவர் நடுவில் பணம் கட்டாமல் விடுபவர், ஒருவர் வாங்கிவிட்டு ரிட்டர்ன் கேட்பவர். அதில் ஒருவராவது உங்கள் அம்மா வயதில் இருக்கட்டும். 'பின்கோடு எங்கே போடறது?' என்று அவர் கேட்கும் இடத்தில்தான் வாடிக்கையாளர்கள் கடையை விட்டு வெளியேறுவார்கள். ஒரு பார்சல் தர்மபுரிக்கு, ஒன்று ராமநாதபுரத்துக்கு, ஒன்று பெங்களூருக்குப் போகட்டும். எத்தனை நாள் ஆனது, பெட்டி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று போட்டோ வாங்குங்கள்.

சேலை போட்டோவை டியூப்லைட்டில் எடுக்காமல் காலை வெயிலில் நிழலான இடத்தில் எடுங்கள். கட்டியபடி ஒன்று, முந்தானை ஒன்று, பார்டர் கிட்டத்தில் ஒன்று, பின்பக்கத் தையல் ஒன்று. நீளம் ஐந்தரை மீட்டரா, பிளவுஸ் துணி சேர்த்து ஆறேகாலா, முதல் முறை துவைத்தால் சாயம் போகுமா என்பதையும் எழுதிவிடுங்கள். சாயம் போகும் என்று முன்பே சொன்ன கடைக்கு அந்தக் காரணத்துக்காக ரிட்டர்ன் வருவது குறைவு.

பிறகு மேலே போட்ட 999 ரூபாய் கணக்கை, இந்த ஐந்து பார்சல்களுக்கு நிஜமாக ஆன கூரியர் பில்லை வைத்து மறுபடி ஒருமுறை போடுங்கள். 131 ரூபாய் 70 ஆகிவிட்டிருந்தால் திறப்பு விழாவைத் தள்ளிவைத்து, விலையையோ பெட்டியையோ மாற்றிவிட்டுத் திறக்கலாம். ஐந்து பார்சலோடு தெரிந்துபோனது, ஐந்நூறுக்குப் பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை.